பாட்டுக்கு முந்தைய மூச்சு

கண்ணாடிக்காரருக்கு அந்த மூச்சு கேட்காமல் போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. மூச்சு எங்கேயும் போகவில்லை, இருந்த இடத்தில்தான் இருக்கிறது, போனது அவர் காதுதான் என்பது உலகத்தில் ஒரே ஒருத்திக்குத் தெரியும். அவள் அவருடைய மனைவி. தெரிந்தவள் சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை "எனக்கும் கேக்கலையே" என்று வாயைக் கொடுத்துவிட்டு, அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இன்றைக்கு வரை முழித்துக்கொண்டிருக்கிறாள்.

என்ன மூச்சு, யாருடைய மூச்சு என்று கேட்பீர்கள். அவர்களிடம் ஓர் இசைத்தட்டு இருக்கிறது. பாடியவள் பெரிய பேர் எடுத்தவள் இல்லை. அந்த ஒரு தட்டோடு சரி, அப்புறம் என்ன ஆனாளோ. இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டில் கம்பி வாத்தியம் ஒன்று ஒரே ஒரு தடவை மீட்டிவிட்டு அடங்கிவிடும். பிறகு தட்டு சும்மா சுற்றும். ஏதோ ஆகிவிட்டது, பாட்டு வராது என்று நினைக்கிற நேரத்தில் அவள் மூச்சை உள்ளே இழுப்பாள். பாடப் போகிற எல்லோரும் இழுக்கிற மூச்சுதான். ஆனால் இது நம் தோளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இழுத்தது போல இருக்கும். அதற்கு அப்புறம் பாட்டு வரும். பாட்டும் நன்றாகத்தான் இருக்கும், பாவம், குறை சொல்லக் கூடாது. இவர்கள் இருவருக்கும் வேண்டியது என்னவோ மூச்சுதான்.

கல்யாணமான புதிதில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இரவல் பாட்டுப்பெட்டி ஒன்றில் அதைப் போட்டார்கள். மூச்சு வந்ததும் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கேட்டியா? அவ மூச்சு விட்டா!" என்றார். "விடல, இழுத்தா" என்று அவள் திருத்தினாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் அதுதான். சாப்பாடு முடிந்து திரையை இழுத்துவிடுவார்கள். திரை வழியாக வரும் வெயிலில் அறை முழுக்கத் தேநீர் நிறமாகிவிடும். அவர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், அளந்து போட்ட நாற்காலியில் கண்ணை மூடி உட்காருவார். அவள் தட்டைச் சுற்றவைக்கும் டர்ன்டேபிள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஊசியை இறக்குவாள். தட்டு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அறையும் மெதுவாகக் கூடவே சுற்றுகிற மாதிரி இருக்கும். தூக்கமா விழிப்பா என்று சொல்ல முடியாத அந்த நேரத்துக்குள் மூச்சு வரும், வீடே ஒரு கணம் அசையாமல் நிற்கும்.

ஊசி அவள் இலாகா. அதற்குக் காரணம் உண்டு. அவள் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மெழுகில் கடைவாய்ப் பல்லின் பள்ளம் மேடெல்லாம் செதுக்குகிற கை. மயிரிழை என்றால் எத்தனை தடிமன் என்று அந்தக் கைக்குத் தெரியும். கணவர் செல்லமாகப் பல்லம்மா என்று கூப்பிடுவார். அவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. காலையிலிருந்து சாயங்காலம் வரை எதிரில் உட்கார்ந்தவர்களின் கண்ணுக்கு முன்னால் வில்லையை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா? இல்ல, இதுவா? ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்பதுதான் வேலை. கண்ணாடி போட வெட்கப்படுகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். "எழுத்து தெரியலன்னா கண்ணாடி போடுங்க, அதுல என்ன கௌரவக் குறைச்சல்?" என்று கடை அதிரத் திட்டுவார். அப்பேர்ப்பட்டவர் காது என்று வந்ததும் என்ன செய்தார் என்பதுதான் வேடிக்கை.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமை, கம்பி மீட்டியது, அமைதி வந்தது, மூச்சு வந்தது, பாட்டு தொடங்கியது. அவர் கண்ணைத் திறந்தார். "மூச்சு எங்க?" என்றார். தொலைந்த பிள்ளையைக் கேட்பது போலக் கேட்டார். கொஞ்ச நாளாகவே அடுப்படியில் நேரம் வைத்த மணி அடித்தால் அவர் திரும்புவதில்லை, ஜன்னலில் குருவி கத்தினால் நிமிர்வதில்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவருடைய அப்பா கடைசிப் பத்து வருடம் செவிடாக இருந்தவர். உறவுக்கூட்டத்துக்கு நடுவில் யாரிடம் என்று இல்லாமல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். "நான் எங்கப்பா மாதிரி ஆயிடுவேனோ?" என்று இவர் தூக்கத்தில்கூடக் கேட்டிருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்து "வந்துச்சே" என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. "எனக்கும் கேக்கலையே" என்றாள்.

அவர் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டும். "அப்ப மெஷின்லதான் கோளாறு!" என்று துள்ளி எழுந்தார்.

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அது சும்மா இருக்காது, வேளாவேளைக்குச் சோறு கேட்கும். "நீ ஊசியக் கொஞ்சம் சரி பாரேன்" என்றார் அவர். அவள் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். ஊசி பொய் சொல்லாமல் நின்றுகொண்டிருந்தது. மகள் வருவாள், விருந்தாளி வருவார்கள், யாராவது ஒருவர் "அட, மூச்சு சத்தம்கூடக் கேக்குதே" என்று சொல்லிவிட்டால்? ஊசியை ஏந்திக்கொண்டு தட்டின் மேல் போகிறதே, அந்த நீளக் கைக்கு டோன்ஆர்ம் என்று பேர். அதன் அடித்தண்டில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் தளர்த்தி, ஆர்மின் பின்பக்கத்தை ஓர் அரிசியின் முனையளவு கீழே இறக்கினாள் பல்லம்மா. ஊசி கொஞ்சம் சாய்ந்தது. பாட்டின் மேல் ஒரு போர்வை விழுந்தது. மூச்சு அந்தப் போர்வைக்குள் போய்விட்டது. இப்போது கிட்டத்தட்ட உண்மையாகவே அவளுக்கும் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருடமாக ஒரு பல்லைக்கூடக் கோணலாகச் செய்து அனுப்பாத கை அது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதோடு விட்டதா? பாட்டு மந்தமாக ஆகிவிட்டது என்பது அவருக்கும் தெரிந்தது. ஊசியை மாற்றினார். தட்டுக்கு அடியில் விரிக்கும் மெத்தையை மாற்றினார். டர்ன்டேபிளைத் தூக்கி ஒரு கருங்கல் பலகையின் மேல் வைத்தார். ஒயர்க் கம்பிகளை மாற்றினார். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஞாயிறு மதியம் கண்ணை மூடி உட்காருவார். "வந்துச்சா?" என்பார். "இல்லீங்க" என்பாள். மூன்று வருடம் இப்படி ஓடியது. கடைசியில் ஒருநாள், "இந்த ஓட்ட உடசலையெல்லாம் தேய்ச்சது போதும். புதுசா ஒரு டர்ன்டேபிளும் நல்லதா ஒரு ஆர்மும் வாங்கிடறேன். ஆயுசுக்கும் ஒண்ணு" என்று ஒற்றைக் காலில் நின்றார். அவள் கரடியாய்க் கத்திப் பார்த்தாள். நடக்கவில்லை.

டர்ன்டேபிள் வாங்கப் போன கடைக்காரருக்குக் கிராம் என்று பேர். அம்மா அப்பா வைத்த பேர் இல்லை. ஊசி தட்டின் மேல் எத்தனை எடையில் உட்கார வேண்டும் என்று எல்லோரிடமும் பேசிப் பேசி வந்த பேர். "ஒண்ணே முக்கால் கிராம்ணே, ரெண்டு போனா மூச்சுத் திணறும், ஒண்ணரை போனா தத்தளிக்கும்" என்பார், குழந்தைக்கு மருந்து அளப்பவர் போல. அவர் கடை ஒரு மாடியில் இருந்தது. உள்ளறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் தெரு அப்படியே அணைந்துவிட்டது. தரையெல்லாம் விரிப்பு, சுவரெல்லாம் துணி. தன் கைக்கடிகாரம் ஓடுவது அவளுக்குக் கேட்டது. குளத்தின் அடியில் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

டர்ன்டேபிள் சுலபமாக முடிவாயிற்று. கறுப்பாக, கனமாக, மோட்டார் தனியாக ஒதுங்கி நிற்க, நூல் போன்ற ஒரு பெல்ட்டில் சுற்றுவது. சுற்றுகிறதா நிற்கிறதா என்று விரல் வைத்தால்தான் தெரியும். ஆர்மில்தான் சிக்கல். கிராம் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று குட்டை, வளையத்துக்குள் இறுக்கமாகப் பிடித்துவைத்தது. மற்றது நீளம், ஒரே ஒரு கூர்முனையில் நிற்பது. தொட்டால் குடித்தவன் மாதிரித் தள்ளாடும், தட்டில் இறங்கியதும் பெட்டிப்பாம்பாய் அடங்கிவிடும்.

"சுத்துறது பெரிய வேலையே இல்லண்ணே. ஏந்திக்கிட்டுப் போறதுதான் வேலை. இழுக்கக் கூடாது, அமுக்கக் கூடாது, நடுங்கக் கூடாது" என்றார் கிராம்.

"எங்க தட்டையே போட்டுப் பாப்போம்" என்றார் கண்ணாடிக்காரர். நாற்காலியில் உட்கார்ந்தார். புது இடம், கண்ணை மூடவில்லை. ஊசியை இறக்க வழக்கம்போல அவள்தான் எதிரில் நின்றாள். முதலில் குட்டை ஆர்ம். கம்பி மீட்டியது. அமைதி. இந்த டர்ன்டேபிளில் அந்த அமைதியே வேறு. ஆழம் தெரியாத தண்ணீர். அதிலிருந்து பாடகி எழுந்து வந்து மூச்சை இழுத்தாள். மூன்று வருடத்துக்கு அப்புறம் அதைக் கேட்கிறாள் பல்லம்மா.

"வந்துச்சா?" என்றார் அவர்.

"இல்லீங்க."

கிராமுக்கு வாய் பிளந்துவிட்டது. "என்னக்கா சொல்றீங்க? மூச்—"

"தண்ணி! குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று அவரைக் கையைப் பிடிக்காத குறையாக வெளியறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே நின்று மூன்றே வாக்கியத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள். திருகை மட்டும் சொல்லவில்லை. கிராம் ஒரு நிமிடம் தலையைச் சொறிந்தார்.

"எங்கிட்ட எல்லாத்துக்கும் ஆர்ம் இருக்கு. காதுக்கு இல்லக்கா" என்றார். "தெரிஞ்சே வித்தேன்னா எனக்கு ராத்திரி தூக்கம் வராது."

"நீங்க வாயத் தெறக்காதீங்க. மெஷின் வீட்டுக்கு வர்றதுக்குள்ள நானே சொல்லிடறேன். சத்தியமா."

உள்ளே போனார்கள். நீள ஆர்ம். மறுபடி குட்டை. மறுபடி நீளம். கண்ணாடிக்காரர் தன் கடையில் உட்கார்ந்திருப்பவர் போலவே, "இன்னொரு தடவ ஒண்ணு. இப்ப ரெண்டு" என்று நாலு சுற்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் "வந்துச்சா?" ஒவ்வொரு தடவையும் "இல்லீங்க." கிராம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது சுற்று முடிந்ததும் கண்ணாடிக்காரர் எழுந்தார். "ரெண்டாவது. நீளமானது" என்றார். குரலில் சந்தேகமே இல்லை.

"மூச்சு ரெண்டுலயும் கேக்கல, அப்புறம் எத வச்சு ரெண்டாவது?" என்றாள் அவள்.

"அதுதான் தெளிவு" என்றார்.

ஒரு வாரம் அவளுக்கு நேரம் இருந்தது. சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை அவருக்குத் தலைவலி. செவ்வாய் அவளுக்கு வேலை அதிகம். புதன்கிழமை சாப்பிடும்போது வாயெடுத்தாள். அவர் நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்தார். அவள் உப்பு போதுமா என்று கேட்டாள். அவள் செய்த சத்தியம் இந்த லட்சணத்தில் இருந்தது. சனிக்கிழமை கிராம் வந்து எல்லாவற்றையும் இறக்கி, மட்டம் பார்த்து, சுற்றவைத்துவிட்டு, அவள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போய்விட்டார் மனுஷன்.

ஞாயிறு காலையிலிருந்து ஊசியைப் பொருத்துவதற்காக அவள் குனிந்தே இருந்தாள். ஊசி நேராக நிற்கிறதா என்று பார்க்கும், கோடு போட்ட கண்ணாடி அட்டையைத் தட்டுக்கு மேல் வைத்து, ஊசி முனையைப் புள்ளியில் உட்காரவைத்து, எடையை அளந்து, ஆர்மின் உயரத்துக்கு வந்தாள். இங்கேயும் ஒரு சின்னத் திருகு. ஒரு அரிசி முனை. இறக்கிவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். அவள் விரல் அதன் மேல் இருந்தது. அந்த நீள ஆர்ம் கூர்முனையில் நின்று மெல்ல ஆடி, தானாகவே அமைதியானது. இத்தனை ஒழுங்காகப் படைத்த ஒன்றைக் கோணலாக்க அவளுக்கு மனம் வரவில்லை. இம்மி பிசகாமல் சரியாக வைத்தாள். நடப்பது நடக்கட்டும் என்று நிமிர்ந்தபோது இடுப்பு விட்டுப்போயிருந்தது.

மதியம் திரையை இழுத்துவிட்டார்கள். அறை தேநீர் நிறமாயிற்று. அவர் வந்தார். நாற்காலியைப் பிடித்து அப்படியே திருப்பினார். ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி, அவளுக்கு நேராக உட்கார்ந்தார்.

"என்னங்க இது? இத்தன பாடுபட்டு வாங்கிட்டு யாராவது முதுகக் காட்டி உக்காருவாங்களா?"

"நீ போடு."

போட்டாள். ஊசி இறங்கியது. கம்பி மீட்டி அடங்கியது. வெயில் திரைக்குப் பின்னால் நின்றது. தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது, அவள் எங்கோ மிதந்துகொண்டிருந்தாள், பயம்கூட மறந்துபோயிருந்தது. மூச்சு வந்தது.

"வந்துடுச்சு" என்றார் அவர்.

அவளுக்கு உலகமே இனித்துவிட்டது. "கேட்டுச்சா? நெஜமாவா? ஐயோ, இந்த ஆர்முக்குக் கோயிலே கட்டலாங்க!" ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

"கேக்கல" என்றார். "பாத்தேன்."

"என்னத்த?"

"உன்னைத்தான். அது வர்ற நேரத்துல நீயும் கூடவே மூச்ச இழுக்கிற. தோள் இத்துனூண்டு மேல ஏறுது. இத்தன வருஷமா நான் கண்ண மூடிக்கிட்டே உக்காந்திருந்தேன் பாரு, எனக்குத் தெரியல. கடையில தெரிஞ்சுது. வாய் இல்லங்குது, தோள் ஆமாங்குது. தெரியாத எழுத்தத் தெரியும்னு சொல்றவங்க, தெரிஞ்சதத் தெரியலன்னு சொல்றவங்க, எத்தன பேரப் பாத்திருக்கேன் நான்."

அவள் பேயறைந்த மாதிரி நின்றாள். பாட்டு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப... ஆர்ம்?"

"ரெண்டாவதுல தோள் கொஞ்சம் கூடுதலா ஏறிச்சு. அதான் அத வாங்கினேன்."

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். அன்றைக்கு அவர் முகம் இருந்த இருப்பு, பயம், கடைசியாகப் பழைய ஆர்மின் திருகு. திருகு என்றதும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"என்னது! ஆர்மக் கீழ எறக்கினியா? அடிப்பாவி! என் காதப் பத்திச் சொன்ன பொய்யக்கூட மன்னிச்சுடலாம், நல்லா இருந்த மெஷின... மூணு வருஷமாக் கருங்கல்ல தூக்கி வச்சு, கம்பிய மாத்தி..." மூச்சு வாங்கியது அவருக்கு. கோபமா சிரிப்பா என்று அவருக்கே பிடிபடவில்லை. அறையை இரண்டு தடவை சுற்றி வந்தார். பிறகு உட்கார்ந்தார். இப்போது குரல் தணிந்திருந்தது.

"எங்கப்பா கேப்பாரு. எல்லாரும் பேசிச் சிரிச்சா, 'என்னடா, என்ன?'ன்னு என் கையப் பிடிச்சுக் கேப்பாரு. 'ஒண்ணுமில்லப்பா'ன்னுடுவேன். கத்திச் சொல்ல யாருக்குப் பொறுமை? அவரும் தலையாட்டிச் சிரிச்சுக்குவாரு. அவரத் தனியா உக்கார வச்சது காது இல்ல, நாந்தான். காது போனா போகட்டும். எனக்குப் பயமெல்லாம் அந்த 'ஒண்ணுமில்ல'தான். நீயும் அதயே சொல்லிட்டியே."

அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு மூன்று வருடமாக அவரை அந்தக் கூட்டத்துக்கு நடுவில் கொண்டுபோய் உட்காரவைத்திருக்கிறாள். "தப்புதாங்க" என்றாள். அந்தப் பக்கத்துப் பாட்டெல்லாம் முடிந்து ஊசி கடைசிக் கோட்டில் சுற்றிக்கொண்டிருந்தது.

"நாளைக்குக் காது டாக்டர்கிட்ட போவோம்" என்றார் அவர். "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டவன். ஒரு மெஷின மாட்டிக்கிட்டா குறைஞ்சா போயிடுவேன்? இப்ப மறுபடி போடு. மூச்சு எப்படியிருக்குன்னு சொல்லு."

அவள் ஆர்மை எடுத்து மறுபடி முதல் பாட்டுக்குக் கொண்டுபோய் இறக்கினாள். சொன்னாள். முதலில் உதடு பிரிகிற ஒரு சின்னச் சத்தம், ஈரமாக. அப்புறம் காற்று மூக்கு வழியாக இல்லை, வாய் வழியாகத்தான் போகிறது. பாதியில் ஒரு தயக்கம், பாடலாமா வேண்டாமா என்று. அதற்கப்புறம் மீதிக் காற்று. இத்தனை வருடம் கேட்டும் அந்தத் தயக்கத்தை அவளே இப்போதுதான் கவனித்தாள். அவர் கண்ணைச் சிமிட்டாமல் அவள் வாயையும் தோளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டின் நடுவில் அவள் தலை ஜன்னல் பக்கம் திரும்பியது.

"என்ன?" என்றார்.

"ஒண்ணு..." என்று தொடங்கியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எழுந்து அவர் பக்கத்தில் வந்து, காதோரம் குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "தெருவுல ஒரு பொண்ணு சைக்கிள்ல போகுது. மணி அடிக்குது. துருப்பிடிச்ச மணி போல, ரெண்டு தடவ அடிச்சா ஒரு தடவதான் கேக்குது. பின்னாடி ஒரு நாய் குலைச்சுக்கிட்டே ஓடுது. அது பெரிய நாய் இல்ல, குட்டி."

"ம்" என்றார் அவர். "அப்புறம்?"